பழைய கிரேக்க நகைச்சுவைப் படங்கள் யாரைக் காட்டின, யாரை விட்டுவிட்டன?

சுடர்விழி எழுதியது:

1948 முதல் 1960-களின் இறுதி வரை ஏதென்ஸில் எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அன்றைய கிரேக்கம் முழுவதும் அந்தப் படங்களில் இருக்கிறது" என்ற கருத்தும் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் குழுவில் ஆழிநாடன் அவர்களும் அண்மையில் அதையே எழுதியிருந்தார். அந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்காதவை அல்ல. அலெகோஸ் சகெல்லாரியோஸ் எழுதி இயக்கிய படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் ஒரு படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது என்பதும், அது ஒரு நாட்டை முழுமையாகக் காட்டுகிறது என்பதும் வேறு வேறு செய்திகள்.

அந்தப் படங்களில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற அதிகாரி, அரசு அலுவலகக் குமாஸ்தா, மளிகைக் கடைக்காரர், வாடகைக்கு விரட்டும் வீட்டுக்காரர், புதுப்பணக்காரர், வீட்டு வேலைக்காரி, கிராமத்திலிருந்து பிழைக்க வந்த வெகுளி, அமெரிக்காவிலிருந்து பணத்துடன் திரும்பும் உறவினர். இவர்களுக்கு வெளியே கிரேக்கத்தில் வேறு யாரும் வாழவில்லையா? தெசலோனிகி நகரிலிருந்து 1943-இல் ஐம்பதாயிரத்துக்கு நெருக்கமான யூதர்கள் ரயிலேற்றப்பட்டு அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. அதற்குப் பத்தாண்டு கழித்து எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களில், பக்கத்துக் கடையில் ஒரு யூதர் இருந்தார் என்ற நினைவுகூட எனக்குத் தென்படவில்லை. மேற்குத் திரேஸின் முஸ்லிம்கள், மக்கதோனியப் பகுதியில் ஸ்லாவிய மொழி பேசிய சிற்றூர் மக்கள், 1970-களின் இறுதி வரை பலருக்குக் குடியுரிமையே கிடைக்காதிருந்த ரோமா மக்கள் ஆகியோரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1946 முதல் 1949 வரை அரசுப் படையோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்றுச் சிறையிலிருந்தும் தீவு முகாம்களிலிருந்தும் வீடு திரும்பிய இடதுசாரிகள் எங்கே? அவர்கள் அந்த வீடுகளின் முற்றத்தில்தானே குடியிருந்தார்கள்?

1948-இல் வெளிவந்த 'ஜெர்மானியர் திரும்பி வருகிறார்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். வசிலிஸ் லொகொதெதிதிஸ் நடித்த சாதாரண மனிதர் ஒருவர், ஆக்கிரமிப்புப் படை மீண்டும் ஏதென்ஸுக்குள் நுழைவதாகக் கனவு காண்கிறார். அந்தப் படம் வந்தபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரே முற்றத்தில் வாழும் அண்டை வீட்டார் ஓயாமல் சண்டையிடுகிறார்கள். அவர்கள் ஒன்றுபட வேண்டும் என்று படம் கெஞ்சுகிறது. எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. சண்டையின் காரணத்தை நீக்கிவிட்டு ஒற்றுமையைப் போதிப்பது, வென்ற தரப்புக்குச் சாதகமான ஒற்றுமை என்றே நான் கருதுகிறேன்.

ஆழிநாடன் எழுதியது:

சுடர்விழி அம்மையார் சொல்லும் இல்லாமைகள் உண்மையானவை. அந்த இல்லாமைக்குப் படம் எடுத்தவர்களைப் பொறுப்பாக்குவதைத்தான் நான் ஏற்கவில்லை.

1942-இல், நாடு அச்சு நாடுகளின் படைகளின் பிடியில் இருந்தபோது இயற்றப்பட்ட தணிக்கைச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நீக்கப்படவில்லை. படப்பிடிப்புக்கு முன்பே எழுத்துப்படியை ஒப்படைத்து அனுமதி வாங்க வேண்டும். முடிந்த படத்தை மறுபடியும் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அரசு வேலைக்குச் சேர விரும்பும் ஒருவர் தம் அரசியல் கருத்துகள் மாசற்றவை என்று காவல்துறையிடம் சான்றிதழ் வாங்கிய காலம் அது. அப்படிப்பட்ட நாட்டில், முகாமிலிருந்து திரும்பிய ஒருவரைக் கதைநாயகனாக வைத்து யார் படம் எடுத்திருக்க முடியும்? எடுக்க முடியாததை எடுக்கவில்லை என்று குறைகூறுவதைவிட, எடுக்க முடிந்ததற்குள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே நேர்மையான வழி.

அவர்கள் செய்தது சிறிதன்று. யோர்கோஸ் த்சவெல்லாஸ் 1955-இல் எடுத்த 'கள்ளப் பவுன்' படத்தில் ஒரு போலித் தங்க நாணயம் கைமாறிக்கொண்டே போகிறது. அதைச் செய்த செதுக்குத் தொழிலாளி, தெருவில் பிச்சை எடுப்பவன், பாலியல் தொழில் செய்யும் பெண், கருமியான வீட்டுக்காரர், வறுமையில் வாடும் சிறுமி, ஓவியர் என்று ஒரு நகரத்தின் அத்தனை படிநிலைகளும் ஒரே படத்துக்குள் வந்துவிடுகின்றன. 1959-இல் வந்த 'பதினாறாம் நிலையத்து இலியாஸ்' படத்தில் கோஸ்தாஸ் ஹட்சிகிறிஸ்தோஸ் ஒரு சில்லறைத் திருடனாக நடிக்கிறார். அந்தத் திருடன் காவலர் சீருடையை அணிந்துகொள்கிறான். காவல்துறையைக் கண்டு நாடே அஞ்சிய காலத்தில், அந்தச் சீருடைக்குள் ஒரு திருடனை நிறுத்தி அரங்கு முழுவதையும் சிரிக்க வைப்பதற்குத் துணிவு வேண்டும்.

திரையில் எந்த முகங்கள் தெரிந்தன என்பதையும் பாருங்கள். யோர்கியா வசிலியாது அம்மையாருக்குத் திரைப்புகழ் வந்ததே ஐம்பது வயதுக்குப் பின்னர்தான். 1957-இல் 'சிக்காகோவிலிருந்து வந்த அத்தை' படத்தைத் தன் தோளில் சுமந்தபோது அவருக்கு அறுபது வயது. அழகு என்ற வழக்கமான அளவுகோலுக்குள் அவர் அடங்கவில்லை. அடங்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அறுபது வயதுப் பெண்ணை மையத்தில் வைத்துக் கூட்டம் கூட்டிய வணிகத் திரையுலகம் அந்தக் காலத்தில் வேறு எங்கே இருந்தது? லொகொதெதிதிஸ் வழுக்கைத் தலையும் நடுவயதுத் தொந்தியுமாகக் கதைநாயகனானார். இந்தப் படங்களில் பணக்கார வீட்டுப் பிள்ளையைவிட மளிகைக் கடைப் பையனைத்தான் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நடிகர் மிமிஸ் ஃபொதோபுலோஸ், ஏதென்ஸில் இடதுசாரிகளுக்கும் பிரித்தானியப் படைக்கும் நடந்த 1944 டிசம்பர் மோதல்களுக்குப் பின் பிரித்தானியரால் எகிப்தின் எல் தாபா முகாமில் அடைக்கப்பட்டவர். நகைச்சுவை நடிகர் தனாசிஸ் வெங்கோஸ், இடதுசாரிகளை அடைத்த மக்ரோனிசோஸ் தீவு முகாமில் கிடந்தவர். இயக்குநர் நிகோஸ் குந்துரோஸை அவர் சந்தித்ததே அந்தத் தீவில்தான், திரையுலகுக்கு வந்ததும் அந்த நட்பால்தான். இடதுசாரிகள் எங்கே என்று கேட்டீர்கள். அவர்கள் திரையில்தான் நின்றார்கள்.

சுடர்விழி எழுதியது:

நடிகரின் வாழ்க்கையும் அவர் ஏற்ற பாத்திரத்தின் வாழ்க்கையும் ஒன்றல்ல. வெங்கோஸ் மக்ரோனிசோஸில் பட்ட துன்பம் அவர் உடம்பில் இருந்திருக்கலாம். திரையில் அவர் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும் எனக்கும்கூட அந்த நினைவு வருவதுண்டு. ஆனால் அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளருக்குப் படம் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. அதை அறிந்துகொள்ள அவர்கள் படத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தது.

'கள்ளப் பவுன்' ஒரு நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் என் பக்கத்துக்கு. நீங்கள் சொல்லும் பிச்சைக்காரர் பார்வையற்றவர்போல் நடித்து ஏமாற்றுபவர். உடற்குறை உள்ளவர் அந்தக் கதையில் ஒரு மோசடியாகத்தான் நுழைகிறார். போரும் பஞ்சமும் எத்தனையோ பேரை உண்மையாகவே ஊனமாக்கிய நகரத்தில் இது சின்னச் செய்தி அன்று.

தணிக்கையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் யூதக் கடைக்காரர் ஒருவரைக் காட்டக் கூடாது என்று எந்தத் தணிக்கை விதியும் தடுத்ததாகத் தெரியவில்லை. அங்கே தணிக்கையைவிட வலுவான ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது.

மேகலை எழுதியது:

இந்தப் படங்களின் கதையை நகர்த்துவதே பெண்ணின் திருமணம்தான். அப்படியிருக்க, நீங்கள் இருவரும் பெண்களைப் பற்றி நடிகையின் வயதைத் தாண்டி ஒன்றும் பேசவில்லை.

கிரேக்கப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அளிக்கும் சட்டம் 1952-இல் நிறைவேறியது. வாக்காளர் பட்டியல்கள் ஆயத்தமாகவில்லை என்பதால் அதே ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களிக்க முடியவில்லை. 1953 ஜனவரியில் தெசலோனிகி இடைத்தேர்தலில் எலெனி ஸ்குரா வென்று முதல் பெண் உறுப்பினரானார். நாடு முழுவதும் பெண்கள் வாக்குச்சாவடிக்குச் சென்றது 1956-இல்தான். லினா த்சல்தாரி முதல் பெண் அமைச்சரானதும் அதே ஆண்டில்தான். அதாவது, நாம் பேசும் படங்களின் செழுமையான காலமும், கிரேக்கப் பெண் குடிமகளான காலமும் ஒன்றே. வரதட்சணையோ 1983-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் வரும் வரை சட்டத்தின் ஒப்புதலோடு நீடித்தது. ஒரு கையில் வாக்குச்சீட்டும் மறு கையில் வரதட்சணைப் பத்திரமுமாக நின்ற ஒரு தலைமுறையைத்தான் இந்தப் படங்கள் சிரிப்புக்குப் பொருளாக்கின.

1954-இல் சகெல்லாரியோஸ் எடுத்த 'செல்வி, வயது 39' படத்தில் அண்ணனுக்குத் திருமணம் நிச்சயமாகிப் பல காலம் ஆகிவிட்டது. தங்கையைக் கரையேற்றாமல் அவர் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது வழக்கம். லொகொதெதிதிஸ் அந்த அண்ணனாக வந்து, செய்தித்தாள் விளம்பரம் வரை போய் மாப்பிள்ளை தேடுகிறார். வழக்கம் ஆணையும் சேர்த்தே நசுக்குகிறது என்பதை அந்தப் படம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அந்த அளவில் அது துணிவானது. ஆனால் முப்பத்தொன்பது வயதில் திருமணமாகாமல் இருப்பதால் வரும் நகைப்பு முழுவதும் அந்தத் தங்கையின் மேல்தான் விழுகிறது, அவரை அந்த நிலையில் வைத்த ஏற்பாட்டின் மேல் அல்ல.

ஆழிநாடன் அவர்கள் போற்றும் சிக்காகோ அத்தைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஹரிலாவோஸ், ஒரெஸ்திஸ் மக்ரிஸின் கண்டிப்பான முகத்தோடு, நான்கு மகள்களை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பும் அவருடைய சகோதரி கலியோபி வீட்டின் பழைய சாமான்களை வெளியேற்றுகிறார், பெண்களின் உடையை மாற்றுகிறார், தெருவில் போகும் இளைஞர்களை ஏதேனும் ஒரு சாக்கில் வீட்டுக்குள் வரவழைக்கிறார். ராணுவத்தின் நிழலில் வாழ்ந்த ஒரு நாட்டில் ராணுவ அதிகாரியின் அதிகாரத்தை ஒரு பெண் தவிடுபொடியாக்குவது பார்க்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திறக்கப்பட்ட சன்னல் வழியே அந்தப் பெண்கள் வெளியே பார்ப்பது ஒரு மாப்பிள்ளையைத்தான். நால்வரில் ஒருத்தியாவது படிக்கப் போகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று வாசலைத் தாண்டியிருந்தால் கதை முடிந்திருக்காது. புதுமை வந்த வேகத்திலேயே பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது.

1959-இல் அலிகி வுயுக்லாகியை நாடறிந்த நட்சத்திரமாக்கிய படத்தில், அடங்காத பணக்கார மாணவியை ஆசிரியர் கன்னத்தில் அறைகிறார். அந்த அறையிலிருந்து காதல் பிறக்கிறது. அடி சொர்க்கத்திலிருந்து வந்தது என்ற பழமொழியே படத்தின் பெயர். இதைப் பார்த்துச் சிரித்த பள்ளிச் சிறுமிகள் எத்தனை ஆயிரம் பேர் என்பதை எண்ணும்போது எனக்கு உள்ளம் கசக்கிறது. அந்த நடிகையின் துடிப்பும் துடுக்கும் அப்படத்தின் உயிர். படம் தன் உயிரையே அடக்கிக் காட்டுவதை வெற்றியாகக் கருதுகிறது.

ஆழிநாடன் எழுதியது:

மேகலை அவர்களே, நீங்கள் சொன்ன படங்களுக்கு நீங்கள் தந்த பொருள் சரியானதே. ஆனால் பத்தாண்டுகளில் இந்த வகை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1965-இல் த்சவெல்லாஸ் தம்முடைய கடைசிப் படத்தை எடுத்தார். "மனைவியும் புருஷனிடத்தில் பயபக்தியாயிருக்கக்கடவள்" என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் வரும் வசனத்தின் கிரேக்க வடிவமே அதன் தலைப்பு. கிரேக்கத் திருமணச் சடங்கில் பாதிரியார் இந்த வசனத்தை உரக்க வாசிக்கும்போது அரங்கிலிருந்த ஒவ்வொருவரும் அதைத் தம் காதால் கேட்டிருப்பார்கள். படத்தில் அந்தோனாகிஸும் எலெனியும் பத்தாண்டுகளாகத் திருமணம் செய்துகொள்ளாமல் ஒன்றாக வாழ்கிறார்கள்; மாரோ கொந்து ஏற்ற எலெனி அந்தப் பத்தாண்டும் அவருக்கு ஒரு வேலைக்காரியைப்போல உழைக்கிறாள். திருமணம் நடந்த பிறகு அவள் நிமிர்கிறாள். மனைவி என்ற சட்டப் பெயர் கிடைத்ததும் தன் பங்கைக் கேட்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். அஞ்சச் சொல்லும் வசனம் வாசிக்கப்பட்ட அந்தத் தருணத்திலிருந்துதான் அவள் அஞ்சுவதை நிறுத்துகிறாள். திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்த ஏழைத் தம்பதியை, ஒழுக்கக் கேடர்களாக அல்லாமல் அக்கம்பக்கத்து மனிதர்களாகக் காட்டியதற்காகவே அந்தப் படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பெண்ணை நகரத்தலைவராக்கிய நகைச்சுவைப் படம் 1960-இலேயே வந்துவிட்டது. ரொவிரோஸ் மந்துலிஸ் இயக்க, நகரத்தலைவர் யோர்கியா வசிலியாதுவேதான். 1966-இல் வந்த ஒரு படத்தில் நடிகை ரேனா விலாஹோபுலு நாடாளுமன்றத்தையே குறிவைத்தார். கதைகளின் முடிவு எப்படி இருந்தாலும், அந்தக் காட்சிகளைக் கண்ட பெண்களின் மனத்தில் எந்தப் பகுதி தங்கியது என்பதை முடிவுக் காட்சியை வைத்து மட்டும் நாம் தீர்மானிக்க முடியாது.

பனையோலை எழுதியது:

வேறொரு பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படங்களுக்கு முன்பும் கிரேக்கத்தில் நகைச்சுவை இருந்தது. அதில் பன்மை இதைவிடக் கூடுதலாக இருந்தது.

1836-இல் திமித்ரியோஸ் விசாந்தியோஸ் எழுதிய 'பாபிலோனியா' நாடகத்தில் கிரேக்கம் பேசும் உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தவர்கள் ஒரு விடுதியில் கூடுகிறார்கள். எல்லாரும் கிரேக்கம்தான் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் வெட்டுக்குத்து வரை போகிறது. பிறகு கரகியோசிஸ் என்னும் நிழற்பாவைக் கூத்து வந்தது. ரூமெலி மலைநாட்டு இடையர் பார்பா யோர்கோஸ், தொப்பியும் வால்கோட்டுமாக வரும் ஸாகிந்தோஸ் தீவுக்காரர் நியோனியோஸ், பிரேயஸ் துறைமுக முரடன் ஸ்தவ்ராகாஸ், தெசலோனிகி யூதர் சொலொமோன், பாஷாவின் அல்பேனியக் காவலன் வெலிங்கேகாஸ் என்று வெண்திரைக்குப் பின்னால் உதுமானியப் பேரரசின் எச்சம் முழுவதும் நடமாடியது. இந்த உருவங்கள் எல்லாம் கேலிச்சித்திரங்களே. யூதர் உருவம் அன்பாக வரையப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அங்கே இருந்தார். அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதில் கூத்தைப் பார்த்த சிறுவனுக்கு ஐயம் இருக்கவில்லை.

நகைச்சுவைப் படங்கள் இந்த மரபின் நேரடி வாரிசுகள். பெரும்பாலான எழுத்தாளர்களும் நடிகர்களும் இசை நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். அந்த மேடை கரகியோசிஸிடம் கடன் வாங்கியது. ஆயினும் வாரிசுகளின் கையில் வந்து சேர்ந்தது சுருங்கிய சொத்துதான். வட்டாரப் பேச்சுகள் பத்து இருந்த இடத்தில் இரண்டு மிஞ்சின: ஏதென்ஸின் பேச்சு, ஏதென்ஸ் அல்லாத ஒரு பொதுவான கிராமத்துப் பேச்சு. ஹட்சிகிறிஸ்தோஸின் புகழ்பெற்ற திமியோஸ், அவரே 1963-இல் மளிகைக் கடைச் சிப்பந்தியாக நடித்த ஸிகோஸ் ஆகிய இருவரிடமும் இந்தப் பொதுக் கிராமத்துப் பேச்சைக் கேட்கலாம். ஸிகோஸை நான் நெஞ்சார நேசிக்கிறேன். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடமும் முதலாளியிடமும் அவன் தோற்பதே இல்லை. ஏதென்ஸ் பெருநகரின் மக்கள்தொகை 1951-இல் ஏறத்தாழ 14 லட்சமாகவும் 1971-இல் 25 லட்சத்துக்கும் மேலாகவும் இருந்தது. அப்படி வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் ஸிகோஸ்கள்தாம். அவர்கள் தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், தங்கள் வெற்றியைப் பார்த்தும் சிரித்தார்கள். எந்த மலையிலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது மட்டும் அந்தப் பேச்சில் கரைந்துபோய்விட்டது.

ஆழிநாடன் எழுதியது:

பனையோலை ஐயாவின் பதிவு எனக்கு மிகவும் பயனுடையதாக இருந்தது. ஆயினும் சுருங்கியது பேச்சு மட்டுமே, இசை விரிந்தது.

1922-ஐ ஒட்டிச் சின்ன ஆசியாவிலிருந்தும் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) கிழக்குத் திரேஸிலிருந்தும் துரத்தப்பட்டு வந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேருக்குக் குறையாதவர்கள். பிரேயஸையும் ஏதென்ஸின் புறநகரான நியா இயோனியாவையும் சுற்றி அவர்கள் குடியிருப்புகள் எழுந்தன. இந்த மக்களைப் பாத்திரங்களாகத் தேடினால் நகைச்சுவைப் படங்களில் குறைவாகவே கிடைப்பார்கள். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் கதை நின்று, எல்லாரும் ஒரு மதுக்கூடத்துக்குப் போய் அமர்ந்து, மேடையில் புசூகி என்னும் நரம்புக் கருவி இசைக்கப்படும் காட்சி ஒன்று உண்டு. 1936-இல் தொடங்கிய மெத்தாக்ஸாஸின் சர்வாதிகாரத்தில் தணிக்கைக்குள்ளான ரெபெதிகோ என்னும் நகர்ப்புற ஏழைகளின் பாட்டின் வழித்தோன்றலாகிய அந்த இசையில், அகதிக் குடியிருப்பும் துறைமுகமும் கலந்திருந்தன. புசூகிக் கலைஞர் மனோலிஸ் ஹியோதிஸும் பாடகி மேரி லிந்தாவும் தம் பெயரிலேயே திரையில் வந்து பாடினார்கள். 1967-இல் யன்னிஸ் தலியனிதிஸ் எடுத்த இசைப்படம் ஒன்றின் கதையே புசூகிக்கும் மேற்கத்திய இளைஞர் இசைக்கும் நடக்கும் மோதல்தான்.

இதோடு சேர்த்து, நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அதே காலத்தில் ஏதென்ஸின் ஏழைப் பகுதிகளின் அரங்குகளில் இந்தித் திரைப்படங்கள் பெரும் கூட்டத்துக்கு ஓடின. அகதிக் குடும்பத்தில் நியா இயோனியாவில் பிறந்த ஸ்தேலியோஸ் காசன்ட்சிதிஸ் பாடிப் புகழடைந்த 'மதுபாலா' என்ற கிரேக்கப் பாடலின் மெட்டு இந்திப் படத்திலிருந்து வந்தது. அந்தப் பார்வையாளர்களின் செவி ஏதென்ஸின் நடுத்தர வீட்டு வரவேற்பறையோடு நின்றுவிடவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பன்மையையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெண்திரை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. தணிக்கையைப் பற்றியும் மரபைப் பற்றியும் பேசினீர்கள். தொழிலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபிலோப்பிமின் ஃபினோஸ் 1943-இல் தொடங்கிய நிறுவனத்தையும் அதன் போட்டியாளர்களையும் வாழவைத்தது ஆண்டுக்கு ஆண்டு கூடிய நுழைவுச்சீட்டு வருமானமே. 1960-களின் இரண்டாம் பாதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு படங்கள் வந்தன. 1968-இல் விற்ற சீட்டுகள் 13 கோடிக்கும் மேல், மக்கள்தொகையோ 90 லட்சத்துக்கும் குறைவு. கதைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே ஏதென்ஸ் மேடையில் ஓடிய நாடகங்கள். ஒரு வரவேற்பறை, ஒரு முற்றம், ஒரு கடை என்று மேடைக்கு அமைத்த களமே படத்துக்கும் களமானது. சில வாரங்களில் முடித்துவிட வேண்டிய படத்தில், மேடையில் ஏற்கெனவே சிரிப்பை வாங்கிய பாத்திரத்தைத்தான் தயாரிப்பாளர் நம்புவார். புதிய மனிதர்கள் உள்ளே வராததற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

சுடர்விழி எழுதியது:

வெண்திரை அவர்கள் சொன்னதோடு சேர்த்தே என் அடுத்த வாதத்தை வைக்கிறேன், ஏனெனில் "ஏற்கெனவே சிரிப்பை வாங்கிய பாத்திரம்" என்பதற்கு மிகக் கொடுமையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. குரலை மெலிதாக்கி, இடுப்பை ஒடித்து, கையை ஆட்டிக்கொண்டு வரும் ஆண் பாத்திரம் மேடையிலிருந்து திரைக்கு அப்படியே வந்தது. 1966-இல் ஸ்தவ்ரோஸ் பரவாஸ் நடித்த ஃபிஃபிஸ் என்ற பாத்திரம் தனிப் படமாகவே வந்துவிட்டது. அந்தப் பெயர் கிரேக்கத் தெருக்களில் வசைச்சொல்லாகப் பல்லாண்டுகள் வாழ்ந்தது. பரவாஸ் திறமையான நடிகர். 1967-இல் வந்த ராணுவ ஆட்சியில் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். பின்னர் ஒடுக்குமுறையை நேரில் காணவிருந்த அவரைப் போன்ற ஒருவரின் உடம்பைக் கொண்டே இன்னொரு சாராரைக் கேலி செய்யும் உருவம் படைக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, நடிகரின் வாழ்க்கையைச் சான்றாக வைக்கும் ஆழிநாடன் அவர்களின் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி எனக்கு இன்னும் வலுவாகிறது.

இசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அகதிகளின் பாட்டை மேடையில் ஏற்றிவிட்டு, அகதியின் கதையைக் கீழே நிறுத்திவைப்பதை நான் இடமளித்தல் என்று எண்ணவில்லை. பாட்டு முடிந்ததும் கதை மறுபடியும் வரதட்சணைக்குத்தான் திரும்புகிறது.

மேகலை எழுதியது:

ஃபிஃபிஸைப் பற்றிச் சுடர்விழி எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். எலெனியின் நிமிர்வைப் பற்றி ஆழிநாடன் அவர்கள் எழுதியதும் என்னைத் தொட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் படம் ஒன்றை அதன் அருகில் வைக்க வேண்டும். 1964-இல் தினோஸ் திமோபுலோஸ் எடுத்த 'செல்வி இயக்குநர்' படத்தில், ஜெனி கரேசி ஒரு கட்டுமான நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்கும் பட்டதாரிப் பெண். ஆண் ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள். அவளுடைய திறமைக்கு முன்னால் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. இந்த இடம் வரை இதைப் போன்ற படம் அந்தக் காலத்தில் வேறில்லை என்றே சொல்வேன். பிறகு அவள் தன்கீழ் வேலை செய்யும் ஒருவரை விரும்புகிறாள். அவர் இவளை அதிகாரியாக மட்டுமே பார்க்கிறார். உடனே அவள் உடையையும் நடையையும் மாற்றிக்கொண்டு 'பெண்' ஆகக் கற்றுக்கொள்கிறாள். வேலையில் அவள் தோற்கவில்லை என்பது உண்மை. அந்த வேலையே அவளுடைய குறையாக்கப்படுகிறது என்பதும் உண்மை. எலெனிக்குத் திருமணம் ஆயுதம். இந்தப் பெண்ணுக்கு அதுவே ஆயுதத்தைக் கீழே வைக்கும் இடம். இரண்டும் ஓராண்டு இடைவெளியில் அதே பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டவை.

ஆழிநாடன் எழுதியது:

அரசியலுக்கே திரும்பி வருகிறேன், ஏனெனில் சுடர்விழி அம்மையாரின் முதல் கேள்வி அதுதான். 1965-இல் சகெல்லாரியோஸ் 'மானமும் ஒன்று உண்டு' என்ற படத்தை எடுத்தார். லம்ப்ரோஸ் கொன்ஸ்தந்தாராஸ் அமைச்சர் மவ்ரோயலூரோஸாக வருகிறார். பயணத்தின் நடுவே அவர் ஒரு சிற்றூரில் தங்க நேர்கிறது. அவர் யார் என்று தெரியாத அவ்வூர் மக்கள், அந்த அமைச்சரைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே வாயில் வந்தபடியெல்லாம் திட்டுகிறார்கள். அதே 1965-இன் கோடையில் அரண்மனையோடு ஏற்பட்ட மோதலில் பிரதமர் பதவி விலகி, அரசே கவிழ்ந்து, தெருக்களில் மக்கள் திரண்டார்கள். ஊழல் செய்யும் அரசியல்வாதியைக் குறிக்க மவ்ரோயலூரோஸ் என்ற பெயரைக் கிரேக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு நகைச்சுவைப் படம் ஒரு நாட்டின் அரசியல் பேச்சுக்கே பெயர் தந்திருக்கிறது. அதில் பேசும் சிற்றூரார், யாருக்கும் பிரதிநிதியாகாதவர்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

சுடர்விழி எழுதியது:

சொல்ல மாட்டேன். அந்தக் காட்சி எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் அந்தச் சிற்றூரையே சற்று உற்றுப் பாருங்கள். 1960-இல் கிரேக்கம் மேற்கு ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு, அமைச்சர் வந்து தங்கும் அந்த மாதிரிச் சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் ரயிலேறி மியூனிக், ஸ்டுட்கார்ட் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். கிழவர்களும் குழந்தைகளும் பின்தங்கினார்கள். படங்களில் வெளிநாடு போனவர்கள் யார்? சிக்காகோ அத்தை, கனடா மாமா, அமெரிக்காவில் பொருள் ஈட்டிய உறவினர். அவர்கள் கடைசியில் பெட்டி நிறையப் பணத்தோடு வந்து மகள்களுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தருகிறார்கள். ஜெர்மன் தொழிற்சாலையின் தங்கும் விடுதியில் நால்வரோடு ஓர் அறையைப் பங்கிட்டு, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிய இளைஞனைக் கதைநாயகனாக்கிய நகைச்சுவைப் படத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் அனுப்பிய பணத்தில்தான் அவன் தங்கை அந்தப் படங்களுக்குச் சீட்டு வாங்கினாள். யாருக்காவது அப்படியொரு படம் நினைவுக்கு வந்தால், அதன் பெயரை இங்கே எழுதுங்கள்.